வாயில் பிறந்த கதை

கல்கத்தாவில் ஒருவர் கொஞ்சம் ஏறுமாறாகப் பேசினால், “இவனை ராஞ்சிக்குத்தான் அனுப்பணும்” என்பார்கள். சென்னையில் அதே பேச்சில் ராஞ்சிக்குப் பதில் கீழ்ப்பாக்கம் வரும். இலங்கையில் அங்கொடை வரும். மூன்றும் ஊர்ப் பெயர்கள். மூன்று ஊரிலும் பெரிய மனநல மருத்துவமனை இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக நோயாளிகளைப் பார்த்துக்கொண்ட இடங்களின் பெயர் ஏச்சாகிப் போனது.

காய்ச்சல் வந்தால் நமக்கு எத்தனை படிகள் இருக்கின்றன! முதலில் பாட்டியின் கஷாயம், அடுத்து மருந்துக்கடை மாத்திரை, பிறகு தெருமுனை டாக்டர், அதற்கும் அடங்காவிட்டால் பெரியாஸ்பத்திரி. மனசுக்கு அப்படிப் படிகள் இல்லை. “எல்லாம் சரியாயிடும்” என்று வீட்டில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ராஞ்சி. தொடக்கமும் முடிவும் மட்டும் உள்ள கதை அது. நடு கிடையாது.

அந்த நடுவில் 1933-இல் கல்கத்தாவில் ஒரு கதவு திறந்தது. அது பிறந்த கதையை மாணவர்களை மனத்தில் வைத்துச் சொல்கிறேன். மனச்சோர்வு ஒரு மாணவனிடமிருந்து முதலில் திருடுவதும் இந்த நடுவைத்தான்.

பார்சிபாகான் சந்து

ஆசார்ய பிரபுல்ல சந்திர சாலையில் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் அறிவியல் கல்லூரி இருக்கிறது. ராஜாபஜார் சயின்ஸ் காலேஜ் என்றால் யாரும் வழி சொல்வார்கள். அதை ஒட்டிய சந்துக்குப் பார்சிபாகான் லேன் என்று பெயர். அங்கே 14-ஆம் எண் வீடு கிரீந்திரசேகர் போஸுடையது.

1887-இல் பிறந்த போஸ், 1910-இல் மருத்துவப் பட்டம் பெற்றுக் கல்கத்தாவில் தொழில் நடத்தியவர். ‘பரசுராம்’ என்ற புனைபெயரில் வங்காளத்தையே சிரிக்கவைத்த ராஜசேகர் போஸ் இவருடைய அண்ணன். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் 1916 வாக்கில் உளவியல் தனித் துறையாகத் தொடங்கியது. இந்தியாவில் அதுதான் முதல் உளவியல் துறை. ஹார்வர்டில் படித்துத் திரும்பிய நரேந்திரநாத் சென்குப்தா அதை நடத்தினார். நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்த போஸ் அந்த வகுப்பில் மாணவராகச் சேர்ந்தார். 1917-இல் முதுகலை முடித்தார். 1921-இல், விருப்பங்களை மனத்துக்குள் அமுக்கிவைப்பது பற்றிய ஆய்வுக்கு முனைவர் பட்டம் பெற்றார். நூலாக வந்த அந்த ஆய்வை வியன்னாவிலிருந்த ஃபிராய்டுக்கு அனுப்பினார். வியப்போடு பதில் வந்தது. அப்படித் தொடங்கிய கடிதத் தொடர்பு பல ஆண்டுகள் நீடித்தது. இருவரும் ஒருமுறைகூட நேரில் சந்திக்கவில்லை. 1922-இல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கம் பார்சிபாகான் வீட்டிலேயே பிறந்தது.

அந்த வீட்டில் நண்பர்கள் கூடிப் பேசும் அரட்டை சபை ஒன்றும் நடந்தது. வங்காளிகளின் ‘ஆட்டா’ வெறும் வம்புப் பேச்சு அல்ல. திண்ணையிலும் தேநீர்க் கடையிலும் மணிக்கணக்கில் பேசிக் கருத்தையும் கோபத்தையும் ஆற்றிக்கொள்ளும் இடம் அது. எல்லார் மனத்திலும் பேசப்படாத ஒன்று கிடக்கிறது, பேசினால் அது இளகும் என்று நம்பிய மருத்துவருக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைத்திருக்காது.

கதவு திறந்தது

அன்றைய சட்டம் 1912-இன் லூனசி சட்டம். மனநோய் விடுதிக்குள் போக வேண்டுமானால் பெரும்பாலும் மாஜிஸ்திரேட்டின் உத்தரவு வேண்டும். நோயாளி என்பதற்கு முன்பே அவர் ஒரு வழக்காகிவிடுவார். ராஞ்சியில் 1918-இல் ஐரோப்பியருக்கும் 1925-இல் இந்தியருக்கும் விடுதிகள் திறந்திருந்தன. கல்கத்தாவிலிருந்து ஓர் இரவு ரயில் பயணம். அந்த ரயிலில் ஏறியவர்களைப் பற்றி வீடுகள் பிறகு பேசவில்லை.

இந்தச் சூழலில்தான் 1933-இல், வட கல்கத்தாவின் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலத்துக்கென்று ஒரு புறநோயாளிப் பிரிவை போஸ் தொடங்கினார். இன்று ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரி என்று அறியப்படுவது அதுதான். இந்தியாவில் ஒரு பொது மருத்துவமனைக்குள் திறந்த முதல் மனநலப் புறநோயாளிப் பிரிவு இது. பம்பாயில் ஜே.ஜே. மருத்துவமனை 1938-இல் இதே வழியில் வந்தது. 1940-இல் போஸும் சங்கத்தாரும் அண்ணன் ராஜசேகர் தந்த இடத்தில் லும்பினி பார்க் மனநல மருத்துவமனையையும் திறந்தார்கள்.

புறநோயாளிப் பிரிவு என்பது இன்று நமக்குச் சாதாரணச் சொல். ஓ.பி. சீட்டு வாங்கி, பெஞ்சில் உட்கார்ந்து, பெயர் கூப்பிட்டதும் உள்ளே போய், சாயங்காலத்துக்குள் வீடு திரும்புகிறோம். 1933-இல் அது எவ்வளவு பெரிய மாற்றம் என்று பாருங்கள். பக்கத்து பெஞ்சில் வயிற்றுவலிக்காரர், எதிரில் கட்டுப்போட்ட கை. அவர்களோடு மனச்சோர்வுக்காரரும் ஒரு நோயாளியாக உட்காரலாம். போலீஸ் வேண்டாம், மாஜிஸ்திரேட் வேண்டாம், ரயில் வேண்டாம். காலையில் போனவர் மாலையில் திரும்பி வருகிறார் என்பதுதான் அந்தக் கதவின் முழுப் பொருள்.

நடு தொலைந்த மாணவன்

இனி மாணவனிடம் வருகிறேன். எடுத்துக்காட்டுக்கு, காலேஜ் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு மெஸ்ஸில் தங்கிப் படிக்கும் இரண்டாமாண்டுப் பையனை வைத்துக்கொள்வோம். அறைத்தோழனோடு சண்டை, காரணம் சின்னது. நல்ல மனநிலையில் இருக்கும் பையனுக்குப் பத்து வழி தோன்றும். மறுநாள் இரண்டு டீ சொல்லி ஒன்றை அவன் பக்கம் நகர்த்தலாம். “நேத்து நான் கத்தியிருக்கக் கூடாது” என்று ஒரு வரி அனுப்பலாம். இருவருக்கும் பொதுவான நண்பனிடம் சொல்லலாம். இரண்டு நாள் ஆறப்போடலாம்.

அதே பையன் டிப்ரெஷனில் இருந்தால் இந்தப் பத்தும் அவன் கண்ணில் படுவதில்லை. சண்டை தெரிகிறது. ‘இனி யாரும் என்னோடு பேச மாட்டார்கள்’ என்ற முடிவு தெரிகிறது. நடுவில் உள்ள படிகள் இருளில் கிடக்கின்றன. வகுப்புக்குப் போவதை விடுகிறான். “திமிர் பிடித்தவன், ஒரு மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை” என்று சுற்றியிருப்பவர்கள் முடிவு கட்டுகிறார்கள்.

இது திமிரா, அறிவுக் குறைவா, நோயின் வேலையா? இந்தக் கேள்வியை அளந்து பார்க்க ஒரு கருவி பிறந்தது. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஜெரோம் பிளாட், ஜார்ஜ் ஸ்பிவாக் என்ற இரண்டு உளவியலாளர்கள் சில குட்டிக் கதைகளை உருவாக்கினார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சிக்கல் தொடங்கும்: காதலி கோபித்துக்கொண்டு போய்விட்டாள், புதிய தெருவில் யாரையும் தெரியாது என்பதுபோல. முடிவும் கொடுக்கப்பட்டிருக்கும்: சமாதானமாகிவிட்டார்கள், நண்பர்கள் கிடைத்துவிட்டார்கள். நடுவில் என்ன நடந்தது என்பதை மட்டும் நாம் சொல்ல வேண்டும். எத்தனை படிகள் சொல்கிறோம், வழியில் வரக்கூடிய தடைகளை எண்ணிப் பார்க்கிறோமா என்று கணக்கிடுவார்கள். கையேடு 1975-இல் வந்தது.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் இயன் காட்லிப், ராபர்ட் அசார்னோ இருவரும் இந்தக் கதைகளை மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். கூடவே, கலைந்த எழுத்துகளை அடுக்கிச் சொல்லாக்கும் புதிரையும் கொடுத்தார்கள். 1979-இல் முடிவு வெளிவந்தது. மனச்சோர்வு இருந்த மாணவர்கள் எழுத்துப் புதிரில் மற்றவர்களுக்குக் குறைந்தவர்களாக இல்லை. மனிதருக்கும் மனிதருக்கும் நடுவே வழி கண்டுபிடிக்கும் கதைகளில்தான் பின்தங்கினார்கள்.

பெற்றோரும் ஆசிரியரும் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. கணக்குப் போடுகிறான், புத்தி நன்றாகத்தானே இருக்கிறது, நண்பனிடம் போய்ப் பேச என்ன கேடு என்று கேட்கிறோம். கணக்குப் போடும் புத்தி நன்றாக இருக்கும்போதே, ஒரு மனிதரிடம் போய்ச் சேரும் வழி மட்டும் அடைபட்டுப் போகலாம். தேர்வு மதிப்பெண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அது தெரியவே தெரியாது.

பின்னால் வந்த எல்லா ஆய்வும் இதையே சொல்லவில்லை. சிலவற்றில் வழி கண்டுபிடிக்கும் திறன் குறையவில்லை, ‘என்னால் ஆகாது’ என்ற எண்ணம்தான் மேலோங்கியிருந்தது. திறன் குறைந்ததா, நம்பிக்கை குறைந்ததா என்று ஆய்வாளர்கள் வாதாடட்டும். இரண்டில் எதுவானாலும் பையன் அறைக்குள்ளேயே இருக்கிறான்.

ஏன் அடைபடுகிறது? இரண்டு காரணங்கள் ஓரளவு தெளிவாகியிருக்கின்றன. ஒன்று நினைவு. இங்கிலாந்தில் மார்க் வில்லியம்ஸும் அவரோடு ஆய்ந்தவர்களும் 1986 முதல் காட்டியது இது: ஆழ்ந்த துயரில் இருப்பவர்களிடம் ஒரு சொல்லைச் சொல்லி நினைவைக் கேட்டால், குறிப்பிட்ட ஒரு நாளின் நிகழ்ச்சி வருவதில்லை, மொத்தமான நினைவுதான் வருகிறது. ‘போன பூஜை விடுமுறையில் அவன் என்னைத் தேடி வந்தான்’ என்பது வருவதில்லை. ‘எப்போதும் எல்லோரும் என்னை விட்டுப் போகிறார்கள்’ என்பது வருகிறது. நேற்றுச் சமாதானமான விதம் நினைவில் இருந்தால்தானே இன்று அதே வழியை முயன்று பார்க்க முடியும்?

இன்னொன்று அசைபோடல். ‘எனக்கு ஏன் இப்படி ஆகிறது’ என்று ஒரே கவலையைத் திரும்பத் திரும்ப மெல்வது. சோன்யா லுபோமிர்ஸ்கியும் சூசன் நோலன்-ஹோக்சீமாவும் 1995-இல் வெளியிட்ட ஆய்வில், மனம் சோர்ந்த மாணவர்களில் ஒரு பகுதியினரை எட்டு நிமிடம் தங்களைப் பற்றியே எண்ணவைத்தார்கள். மற்றொரு பகுதியினரை வானத்தில் மேகம் கூடுவது போன்ற வெளிக்காட்சிகளை எண்ணவைத்தார்கள். பிறகு உறவுச் சிக்கல்களுக்குத் தீர்வு கேட்டார்கள். தன்னையே மென்றவர்களின் தீர்வுகள் தரம் குறைந்தன. மேகத்தை நினைத்தவர்கள், அதே சோர்வு இருந்தும், சோர்வில்லாதவர்களுக்கு இணையான தீர்வுகளைச் சொன்னார்கள். எட்டே நிமிடம்! வழி அழிந்துபோகவில்லை, மூடித்தான் கிடக்கிறது என்பதற்கு இதைவிட ஆறுதலான சான்று எனக்குத் தெரியவில்லை.

பலகையின் இரு முனை

மறுபடி பார்சிபாகான் சந்துக்கு வருவோம். போஸ் ஃபிராய்டின் சொல்லை அப்படியே ஒப்பித்தவர் அல்ல. தமக்கென்று ஒரு கொள்கை வைத்திருந்தார். மனத்தில் தோன்றும் ஒவ்வொரு விருப்பமும் தன் எதிர் விருப்பத்தோடு இரட்டையாகவே பிறக்கிறது என்பது அது. அடிக்க விரும்புகிறவனுக்குள் அடிபடும் விருப்பமும் ஒளிந்திருக்கிறது. ஒன்று மேலே இருக்கும்போது மற்றது அமுங்கிக் கிடக்கிறது. சிகிச்சையில் நோயாளியை எதிராளியின் இடத்தில் தன்னை வைத்துப் பார்க்கச் சொல்வார். பிறகு தன் இடத்துக்குத் திரும்பச் சொல்வார். பூங்காவில் குழந்தைகள் ஆடும் சீசா பலகைபோல மனம் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஏறி இறங்க, இறுகிக் கிடந்தது தளரும் என்றார். தம் முறைக்கு அந்தப் பலகையின் பெயரையே வைத்தார். ஃபிராய்டு இந்தக் கொள்கையை முழுதாக ஏற்கவில்லை. இன்று இது நிறுவப்பட்ட சிகிச்சைகளின் பட்டியலிலும் இல்லை.

ஆனாலும் அந்தப் பலகையை என்னால் மறக்க முடியவில்லை. மனச்சோர்வில் பலகை ஒரே முனையில் உறைந்துவிடுகிறது. அந்தப் பையன் தன் முனையிலிருந்து மட்டும் சண்டையைப் பார்க்கிறான். அறைத்தோழனும் அதே இரவில் தூக்கமின்றிப் புரண்டிருப்பான் என்பது அவனுக்குத் தோன்றுவதில்லை. ‘நீ அவனாக இருந்தால் இப்போது என்ன நினைப்பாய்?’ என்று யாராவது மெதுவாகக் கேட்டால் பலகை அசையும். கேட்க ஓர் ஆள் வேண்டும்.

வங்காளத்தில் ‘ஒபிமான்’ என்று ஒரு சொல் உண்டு. எழுத்தில் நம் ‘அபிமானம்’தான். பொருள் வேறு. நெருங்கியவர் தன்னைப் புண்படுத்திவிட்டார், அவராகவே வந்து கேட்கட்டும் என்று முகம் திருப்பிக்கொள்ளும் அன்பின் கோபம் அது. நம்மிடம் அதற்கு ஊடல் என்ற பெயர் இருக்கிறது. ஊடலைத் தீர்க்க நம் முன்னோர் ஏற்பாடும் செய்துவைத்தார்கள். நடுவில் நின்று பேசிச் சேர்த்துவைக்கப் பன்னிரண்டு பேரைத் தொல்காப்பியம் பட்டியலிடுகிறது. தோழி, தாய், பாங்கன், பாணன், விருந்தினர் என்று நீளும் அந்தப் பட்டியல், ‘கண்டோர்’ என்று முடிகிறது. வழியில் பார்த்தவர்கூடத் துணை நிற்கலாம் என்பது எவ்வளவு பெரிய மனது! அந்தப் பன்னிரண்டு பேருக்கும் இலக்கணம் வைத்த பெயர் ‘வாயில்’. கதவுக்கும் அந்தப் பெயர்தான், நடுவில் நின்று பேசுகிறவருக்கும் அந்தப் பெயர்தான்.

காதலரின் ஊடலுக்குப் பன்னிரண்டு வாயில்கள். வீட்டை விட்டு வந்து விடுதியறையில் இருக்கும் பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு எத்தனை?

புதிய வாயில்கள்

கதவுகள் மெல்லப் பெருகிவருகின்றன. சென்னையில் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் தொடங்கிய ‘சினேகா’, தற்கொலை எண்ணத்தோடு தவிப்பவர்கள் பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்க ஆட்களை வைத்தது. 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாகப் பார்க்காமல் கடும் மன உளைச்சலில் இருப்பவராகக் கருத வேண்டும் என்றது. மாஜிஸ்திரேட்டின் உத்தரவிலிருந்து இந்த இடத்துக்கு வரச் சட்டத்துக்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

மாணவர்களுக்கென்றே பிறந்த ஒரு வாயிலும் உண்டு. கோவாவில் தொடங்கிய ‘சங்கத்’ என்ற அமைப்பில் விக்ரம் படேலும் அவருடைய குழுவினரும் ஒரு திட்டத்தை உருவாக்கினார்கள். டெல்லியின் ஆறு அரசுப் பள்ளிகளில் அதைச் சோதித்து 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். முறை எளிது. சிக்கல் என்ன என்று பெயர் வை. என்னென்ன வழி உண்டு என்று எழுது. ஒன்றைத் தேர்ந்து செய்து பார். கையில் படக்கதைபோன்ற சிறு புத்தகங்கள், மூன்று வாரத்துக்குள் நாலைந்து முறை சந்திக்க ஓர் ஆலோசகர். அந்த ஆலோசகர் மனநல மருத்துவர் அல்லர். இதற்கென்று பயிற்சி பெற்ற சாதாரண மனிதர். புத்தகம் மட்டும் பெற்ற பிள்ளைகளைவிட, கூட உட்கார்ந்து பேச ஆளும் கிடைத்த பிள்ளைகளுக்குத் தங்கள் சிக்கலின் கனம் அதிகம் குறைந்தது. சிக்கல், வழி, செயல் என்ற மூன்று படிகளில் நடுப்படிதான் சோர்ந்த மனம் தொலைத்தது. அதைத் தேடும்போது பக்கத்தில் ஒருவர் இருந்தால் உதவும் என்று டெல்லிப் பள்ளிகள் காட்டின.

2025 ஜூலை 25-இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் நாட்டின் கல்வி நிறுவனங்களுக்குப் பதினைந்து நெறிமுறைகளை விதித்தது. போட்டித் தேர்வுக்குப் படிக்க வெளியூர் போய் இறந்துபோன மகளுக்காக ஒரு தந்தை தொடுத்த வழக்கு அது. நூறு மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் ஒவ்வொன்றும் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவரையேனும் வைக்க வேண்டும் என்பது அந்த நெறிமுறைகளில் ஒன்று. ஒரு தகப்பனின் துக்கம் மற்றவர் பிள்ளைகளுக்குக் கதவாக மாறியிருக்கிறது. அந்தக் கதவைப் பூட்டிய அறையாகவும் பெயர்ப்பலகையாகவும் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்வது நம் கடமை.

கிரீந்திரசேகர் போஸ் 1953-இல் மறைந்தார். அவருடைய கொள்கைகளைப் படிக்கிறவர்கள் இன்று சிலரே. அவர் தொடங்கிய வழக்கம் மட்டும் எங்கும் பரவிவிட்டது. நம்முடைய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் புறநோயாளிப் பிரிவு இருக்கிறது. சீட்டு வாங்கி பெஞ்சில் உட்கார்ந்து சாயங்காலம் வீடு திரும்பலாம்.

பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் விடுதிக் காப்பாளருக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு பிள்ளை நண்பர்களிடமிருந்து விலகிக்கொண்டே போனால், “நீயே போய்ப் பேசித் தீர்த்துக்கோ” என்று சொல்லி அனுப்பாதீர்கள். அந்த நேரத்தில் அந்தப் பிள்ளையால் இயலாதது அந்த ஒன்றுதான். பக்கத்தில் உட்காருங்கள். “என்ன நடந்தது?” என்று ஒரு குறிப்பிட்ட நாளைப் பற்றிக் கேளுங்கள். “அடுத்து என்னென்ன செய்யலாம், ரெண்டு பேருமா யோசிப்போம்” என்று சொல்லுங்கள். முதல் படியைச் சின்னதாக வையுங்கள். இரண்டு வாரத்துக்கு மேலும் சோர்வு தெளியாவிட்டால் மருத்துவரிடம் கூடவே போங்கள். சாகும் எண்ணம் பேச்சில் தலைகாட்டினால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம், தனியாக விடவும் வேண்டாம்.

மாணவர்களுக்கும் ஒரு சொல். வழி தெரியவில்லை என்றால் வழி இல்லை என்று பொருள் அல்ல. 14416 என்ற எண் மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ உதவி எண். இரவு பகல் எந்நேரமும், காசில்லாமல், தமிழிலும் பேசலாம். அதுவும் ஒரு வாயில்தான்.